18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானிய வணிக வில்லைகள்: வாக்குறுதியும் சேகரிப்பும்

1. முன்னுரை

நாணயத்திற்கு மதிப்பைத் தருவது அதன் உலோகமா, அதனை வெளியிடும் அரசின் ஆணையா என்பது பொருளியலாரின் பழைய வினா. அரசின் ஆணை ஏதுமின்றி, முகமதிப்புக்கு ஈடான உலோகமும் பெரும்பாலும் இன்றி, ஒரு செப்புத் துண்டு கைமாறிச் சென்றது எனின், அதனைச் செலுத்திய ஆற்றல் யாது என்பது அவ்வினாவின் மற்றொரு வடிவம். 1787 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுக் காலம் பிரித்தானியாவில் சுரங்க உரிமையாளரும் ஆலை முதலாளிகளும் கடைக்காரரும் வெளியிட்ட செப்பு வில்லைகள் இதற்கு விடை தருகின்றன. அவ்வாற்றலின் பெரும்பகுதி, அவற்றின் மேல் பொறிக்கப்பட்டிருந்த சொற்களில் இருந்தது.

ஆங்கிலத்தில் ‘டோக்கன்’ எனப்படும் இப்பொருள் இக்கட்டுரையில் ‘வணிக வில்லை’ எனச் சுட்டப்படுகிறது. இவ்வாறு பெயரிடுவதற்கான காரணம் எட்டாம் பகுதியில் விளக்கப்படும். வில்லைகளின் பொறிப்பு வாசகங்கள், அவற்றைச் சேகரித்தோர் தொகுத்த அட்டவணை நூல்கள் ஆகிய இரண்டும் இங்கு மொழி நோக்கில் ஆராயப்படுகின்றன. சேகரிப்பு, வில்லையின் வாக்குறுதியைப் பொருளற்ற அணியாக மாற்றியது. அதே சேகரிப்புத்தான் அவ்வாக்குறுதியின் சொற்களை இன்றுவரை காத்தும் தந்தது. இம்முரண் மொழிபெயர்ப்பாளர் முன் வைக்கும் சிக்கல்களை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சில்லறைத் தட்டுப்பாடு

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியத் தொழில் நகரங்கள் விரைந்து வளர்ந்தன. வாரந்தோறும் கூலி பெறும் தொழிலாளர் கூட்டம் பெருகியது. அக்கூலியைக் கொடுக்கவும், பெற்ற கூலியை ரொட்டிக்கும் மெழுகுவத்திக்கும் செலவிடவும் சிறுமதிப்பு நாணயங்கள் இன்றியமையாதவையாயின. ஆயின் இலண்டனில் இருந்த அரச நாணயச்சாலை, செம்பைத் தன் மதிப்புக்கு ஏற்ற உலோகமாகக் கருதவில்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அரைப்பென்னிகள் 1770 முதல் 1775 வரை அச்சிடப்பட்டன. அதன்பின் 1797 வரை புதிய அரசுச் செப்பு நாணயம் எதுவும் இங்கிலாந்தில் வெளிவரவில்லை.

இவ்விடைவெளியைக் கள்ள நாணயங்கள் நிரப்பின. செப்பு நாணயங்களைக் கள்ளத்தனமாக அச்சிடுவதை 1771ஆம் ஆண்டுச் சட்டம் பெருங்குற்றமாக்கிய போதிலும், எடை குறைந்த போலி அரைப்பென்னிகள் சந்தையெங்கும் பரவின. முதலாளி அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கூலியாகக் கொடுக்க முடிந்தது. கடைக்காரர் அவற்றை ஏற்க மறுக்கவும் முடிந்தது. இவ்விருவருக்கும் இடைப்பட்ட இழப்பு முழுவதும் நாட்கூலியாளரின் தலையில் விழுந்தது.

இச்சூழலில் வேல்ஸின் வடமேற்கில் உள்ள ஆங்கில்சித் தீவில் செப்புச் சுரங்கம் நடத்திய பேரிஸ் மலைச் சுரங்க நிறுவனம், தாமஸ் வில்லியம்ஸ் என்பாரின் தலைமையில் 1787இல் தன் சொந்தப் பென்னிகளை வெளியிட்டது. ஒரு பக்கம் கருவாலி இலை வளையத்துள் முக்காடிட்ட துருயிது குருவின் தலை. மறுபக்கம் நிறுவனத்தின் பெயரெழுத்துக்களைப் பின்னிய குறி. அரச நாணயச்சாலை ஒரு பவுண்டு எடையுள்ள செம்பில் 46 அரைப்பென்னிகளை அடித்தது. ஆங்கில்சிப் பென்னியோ ஏறத்தாழ ஓர் அவுன்சு எடை கொண்டிருந்தது. அதாவது ஒரு பவுண்டு செம்புக்குப் பதினாறு பென்னி. அரசின் நாணயத்தைவிடத் தனியாரின் வில்லை கனமானதாக இருந்தது.

அதே ஆண்டில் இரும்பு உருக்காலை அதிபர் ஜான் வில்கின்சன் தம் உருவம் பொறித்த வில்லைகளை வெளியிட்டார். மன்னரின் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஆலை முதலாளியின் தலை இடம்பெற்றது. விளிம்பில் வில்லி, சினெட்ஸ்ஹில், பெர்ஷம், பிராட்லி என அவருடைய ஆலைகள் இருந்த ஊர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பர்மிங்காமை அடுத்த சோஹோவில் மாத்தியூ போல்ட்டன் நீராவியால் இயங்கும் நாணயச்சாலை ஒன்றை அமைத்து, வில்லைகளை அச்சிடும் தொழிலிலும் ஈடுபட்டார். 1790களின் நடுப்பகுதிக்குள் நாட்டின் பல மாவட்டங்களிலும் வில்லைகள் புழங்கின.

3. வாக்குறுதியின் இலக்கணம்

ஆங்கில்சிப் பென்னியின் வாசகம் மொழியியலார் கருதத்தக்க அமைப்புடையது. கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி செலுத்த உறுதி கூறுகிறோம் என்னும் பொருள்படும் தொடர் அதன் பின்பக்கத்தைச் சுற்றி ஓடுகிறது. கேட்டவுடன், இலண்டனிலோ லிவர்ப்பூலிலோ ஆங்கில்சியிலோ என்பன விளிம்பில் உள்ளன. ஒரே வாக்கியத்தின் எழுவாயும் வினையும் முகத்தில் அமைய, காலமும் இடமும் குறிக்கும் அடைகள் விளிம்பில் அமைந்துள்ளன. வில்லையைக் கையில் சுழற்றினாலன்றி வாக்கியம் முற்றுப்பெறாது.

ஜே. எல். ஆஸ்டின் 1955ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் விளக்கிய செயற்கூற்று என்னும் கருத்துக்கு இது தூய எடுத்துக்காட்டாகும். ‘உறுதி கூறுகிறோம்’ என்பது ஒரு செய்தியை அறிவிக்கும் கூற்றன்று. உறுதி கூறுதல் என்னும் செயலே அக்கூற்று. அச்செயல் நிறைவேறுவதற்கு மூன்று கூறுகள் வேண்டும். உறுதி கூறுபவர் யார் என்பது தெரிய வேண்டும். எதனைச் செய்வதாகக் கூறுகிறார் என்பது தெரிய வேண்டும். எங்கே சென்று கேட்பது என்பதும் தெரிய வேண்டும். ஆங்கில்சிப் பென்னியில் இம்மூன்றும் உள்ளன.

பின்வந்த வில்லைகளில் இவ்வமைப்பு படிப்படியாகத் தேய்வதைக் காணலாம். ஆங்கில்சி நிறுவனமே தன் அரைப்பென்னியில் ‘உறுதி கூறுகிறோம்’ என்பதை விடுத்து, ‘இலண்டனிலோ லிவர்ப்பூலிலோ ஆங்கில்சியிலோ செலுத்தத்தக்கது’ என்னும் தொடரைப் பயன்படுத்தியது. தன்மைப் பன்மை மறைந்தது. செலுத்துபவர் இன்னார் என்பது வாக்கியத்தில் இல்லை. எனினும் சுரங்கத்தின் புகழ் அவ்விடத்தை நிரப்பியது. 1792இல் வெளிவந்த கவன்ட்ரி அரைப்பென்னி, குதிரைமேல் அமர்ந்த கொடைவா சீமாட்டியின் உருவத்தை ஒருபுறமும், நகரச் சின்னமாகிய யானையும் அம்பாரிக் கோட்டையும் கொண்ட உருவை மறுபுறமும் தாங்கியது. அதன் விளிம்பு இராபர்ட் ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் பண்டகசாலையில் செலுத்தத்தக்கது என்றது. இங்கு வாக்குறுதிக்கு முகவரி உண்டு.

வேறு பல வில்லைகளிலோ ‘இலண்டன், பிரிஸ்டல் அல்லது லங்காஸ்டர்’ என ஊர்ப்பெயர்கள் மட்டும் நின்றன. அவ்வூர்களில் எந்தத் தெருவில், எவரிடம் என்பது இல்லை. இன்னும் சிலவற்றில் ‘எங்கும் செல்லும்’ என்னும் தொடர் இடம்பெற்றது. எங்கும் செல்லும் என்பது ஓரிடத்திலும் மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை என்பதன் மறுபெயரே. எழுவாய் முதலில் நீங்கிற்று; பின் முகவரி நீங்கிற்று; இறுதியில் வாக்குறுதி என்னும் பொருளே நீங்கி விளிம்பில் எழுத்து மட்டும் எஞ்சிற்று. இத்தேய்வு ஆண்டு வரிசையில் நேர்க்கோடாக நடந்தது எனக் கொள்ளலாகாது. நேர்மையான வில்லைகளும் பொய் வில்லைகளும் ஒரே சந்தையில் உடன்புழங்கின. எழுத்தறியாத கூலியாளருக்கு இவ்விரண்டின் வேறுபாட்டையும் காட்ட விளிம்பெழுத்தைத் தவிர வேறு சான்று இல்லை. அவ்வெழுத்தோ அவருக்குப் பயன்படவில்லை.

விளிம்பெழுத்து இவ்வாறு எளிதில் பொய்யானதற்குத் தொழில் முறையும் ஒரு காரணம். வெற்றுத் தகட்டின் விளிம்பில் எழுத்துக்களை அழுத்திய பின்னரே அதன் இரு முகங்களும் அச்சிடப்பட்டன. இவை தனித்தனி வேலைகள். ஆகவே ஓர் ஊருக்கென விளிம்பிட்ட தகட்டில் வேறோர் ஊரின் முகத்தை அடிப்பதற்குத் தடையில்லை. ஒரே முகம் பல விளிம்புகளுடன் கிடைப்பது இதனாலேயே.

4. பிழையும் பிறமொழியும்

எழுத்தின் ஆற்றலை வேறொரு வகையில் பயன்படுத்தியோரும் இருந்தனர். அரசு நாணயத்தைப் போலச் செய்வது குற்றம் எனில், முழுதும் போலாமல் செய்வது குற்றமாகாது என்னும் வாதத்தின் மேல் எழுந்தவை ‘தப்பிப்பு அரைப்பென்னிகள்’. மன்னரின் தலையும் பிரித்தானியா தேவியின் அமர்ந்த உருவமும் தொலைவிலிருந்து பார்க்க அரசு நாணயத்தைப் போலவே இருக்கும். ஆனால் வாசகம் வேறு. மன்னரைக் குறிக்கும் இலத்தீன் பெயருக்கு ஈடாக ‘ஜார்ஜ் ஆள்கிறார்’ என்னும் பொருள்படும் ‘ஜார்ஜ் ரூல்ஸ்’ என்பதும், சில வேளைகளில் ‘கிரிகரி’ என்னும் பெயரும் பொறிக்கப்பட்டன. ‘பிரித்தானியா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அழகுப் பெண்’ என்று பொருள்படும் ‘பான்னி கேர்ள்’ நின்றது.

இவற்றை எழுத்துப்பிழை என ஒதுக்குதல் பொருந்தாது. எழுத்தறிந்த நீதிமன்றத்தின் முன் வேறொன்றாகவும், எழுத்தறியாத வாங்குவோரின் கண்முன் அரசு நாணயமாகவும் ஒரே பொருள் நிற்க வேண்டும் என்னும் திட்டத்தின் விளைவு அவை. இவற்றை மொழிபெயர்ப்பவர் பொருளை மட்டும் தருவாராயின் நகைச்சுவைத் தொடர் போலத் தோன்றும். மூல இலத்தீன் வாசகத்தோடு அவற்றுக்குள்ள ஒலி ஒப்புமையைச் சுட்டினால்தான் அவற்றின் செயல் விளங்கும்.

ஆங்கிலம் தவிர்ந்த மொழிகளும் வில்லைகளில் இடம்பெற்றன. கிளமார்கன் மாவட்டத்துக்கென 1795இல் வெளியான அரைப்பென்னியில், 11ஆம் நூற்றாண்டில் அப்பகுதியை ஆண்ட யெஸ்டின் ஆப் குர்கன் என்பாரின் பெயரும் பட்டமும் வேல்ஸ் மொழியில் பொறிக்கப்பட்டுள்ளன; மறுபக்கத்தில் மன்னரையும் சட்டத்தையும் போற்றும் வேல்ஸ் தொடர் உள்ளது. ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் அரைப்பென்னியில் ‘கிளாக் ந கடின்’ என்னும் கேலிக் பெயர் உண்டு. ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்துவந்த பெண்கள் தொட்டியை இறக்கிவைத்து இளைப்பாறிய கல்லின் பெயர் அது. ஆனால் அதே வில்லையின் விளிம்பில் மாற்றித் தருவோரின் பெயர்களைச் சொல்லும் வாசகம் ஆங்கிலத்தில் உள்ளது. ஊரின் பெருமை ஊர்மொழியில். பண உறுதி வணிகமொழியில்.

இப்பகுப்பு இந்தியப் படிப்பாளருக்குப் புதியதன்று. இந்திய ரிசர்வ் வங்கியின் பணத்தாளில், கொண்டுவருபவருக்கு இத்தொகை செலுத்த உறுதி கூறும் வாசகம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உள்ளது. தமிழ் உள்ளிட்ட பதினைந்து மொழிகள் அமைந்த கட்டத்தில் இடம்பெறுவது தொகையின் பெயர் மட்டுமே. ‘நூறு ரூபாய்’ என்பது தமிழில் இருக்கிறது. ‘உறுதி கூறுகிறேன்’ என்பது தமிழில் இல்லை. ஆங்கில்சிப் பென்னியின் வாக்கியமும் இந்தியப் பணத்தாளின் ஆங்கில வாக்கியமும் ஒரே வாய்பாட்டைச் சேர்ந்தவை என்பதும் இங்கு கருதத்தக்கது.

5. சேகரிப்பாளரின் வருகை

1794, 1795ஆம் ஆண்டுகளில் வில்லைகளைத் திரட்டுவது இங்கிலாந்தில் பரவலான பொழுதுபோக்காயிற்று. பண்டைய உரோம நாணயங்களைச் சேகரிக்கப் பெருஞ்செல்வம் வேண்டும். வில்லையைச் சேகரிக்க ஓர் அரைப்பென்னி போதும். இதனால் இதுவரை நாணயச் சேகரிப்பில் இடம்பெறாத கடைக்காரர், எழுத்தர், பாதிரியார் முதலியோரும் சேகரிப்பாளராயினர். அறிவியலறிஞர் சர் ஜோசப் பேங்ஸின் தங்கை சாரா சோபியா பேங்ஸ் இவர்களுள் சிறந்தவர். வில்லைகளை எவரிடமிருந்து பெற்றார் என்பதையும் அவர் குறித்துவைத்தார். 1818இல் அவர் மறைந்தபின் அவருடைய தொகுப்பு பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கும் அரச நாணயச்சாலைக்கும் சென்றது.

சேகரிப்பாளர் தேடுவது புழக்கத்தை அன்று, வேறுபாட்டை. இதனை உற்பத்தியாளர் விரைவில் உணர்ந்தனர். பர்மிங்காமின் பீட்டர் கெம்ப்சன் நகரக் கட்டடங்களின் வரிசை வில்லைகளை வெளியிட்டார். இலண்டன் ஹோல்பர்னில் பீட்டர் ஸ்கிட்மோர் தேவாலயங்களையும் நகர வாயில்களையும் வரிசைப்படுத்தினார். ஒன்றோடொன்று தொடர்பற்ற முகப்பு அச்சையும் பின்பக்க அச்சையும் இணைத்து அடித்தால், புதிய அச்சு வெட்டும் செலவின்றியே புதிய ‘வகை’ ஒன்று பிறந்தது. இத்தகைய வில்லைக்குச் சேகரிப்பாளர் இட்ட பெயர் ‘மியூல்’, அதாவது கோவேறு கழுதை.

சேகரிப்பாளர் சிலர் தமக்கென வில்லை அச்சிட்டு நண்பரிடையே மாற்றிக்கொள்ளவும் தொடங்கினர். ஹாக்னியைச் சேர்ந்த டேவிட் ஆல்வஸ் ரெபெல்லோ 1795இல் வெளியிட்டது அத்தகையது. இவ்வில்லைகள் வாக்குறுதியின் வடிவைத் தாங்கியிருப்பினும், எவரும் அவற்றைக் கொண்டுவந்து காசு கேட்கப்போவதில்லை என்பதை வெளியிட்டவரும் பெற்றவரும் அறிந்திருந்தனர். வாக்குறுதி இங்கு ஒரு மரபுத்தொடராக உறைந்துவிட்டது.

விளம்பரமும் இதே வழியில் நுழைந்தது. பின்ஸ்பரிச் சதுக்கத்தில் பெரும் புத்தகக் கடை நடத்திய ஜேம்ஸ் லாக்கிங்டன், தம் நிறுவனத்தை உலகிலேயே மலிவான புத்தக வணிகர் என்று வில்லையில் பொறித்தார். பதப்படுத்திய விலங்குகளைக் காட்சிக்கு வைத்த தாமஸ் ஹால் 1795ஆம் ஆண்டு வில்லையில் கங்காரு, ஆர்மடில்லோ, காண்டாமிருகம் ஆகியவற்றைப் பொறித்தார். கங்காருவின் பெயர் அதில் இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலினின்று வேறுபட்டு ‘கங்குரூ’ எனப் படிக்குமாறு உள்ளது. 1770இல் ஆங்கிலேயர் செவிக்கு எட்டிய ஆஸ்திரேலியப் பழங்குடிச் சொல் ஒன்று, கால் நூற்றாண்டில் இலண்டன் கடைத்தெருவின் செப்பில் ஏறியது. நூல்களையே சான்றாகக் கொள்ளும் அகராதியியலாளர்க்கு வில்லைகள் ஒரு துணைச்சான்று என்பதற்கு இது போதும்.

6. தாமஸ் ஸ்பென்ஸ்

இச்சேகரிப்பு ஆர்வத்தை அரசியலுக்குப் பயன்படுத்தியவர் தாமஸ் ஸ்பென்ஸ் (1750–1814). நியூகாசிலில் பிறந்த இவர் நிலம் ஊர்ப்பொதுவாக வேண்டும் என்று வாதிட்டவர். மொழியியலாருக்கு இவர் மற்றொரு வகையிலும் உரியவர். 1775இல் இவர் வெளியிட்ட ஆங்கில அகராதி, ஒலிக்கு ஓர் எழுத்து என்னும் முறையில் தாமே அமைத்த புதிய நெடுங்கணக்கில் ஒவ்வொரு சொல்லின் உச்சரிப்பையும் தந்தது. ஏழைகள் எழுத்தறிவு பெறுவதற்கு ஆங்கில எழுத்துக்கூட்டலின் முறைகேடே தடை என்பது இவர் கருத்து.

இலண்டன் ஹோல்பர்ன் பகுதியில் புத்தகமும் வில்லையும் விற்ற ஸ்பென்ஸ், தம் கொள்கைகளைச் செப்பில் பொறித்துப் பரப்பினார். வாயில் பூட்டுத் தொங்கும் மனிதன் ஒருவனின் உருவத்தின்மேல் ‘சுதந்திரமாகப் பிறந்த ஆங்கிலேயன்’ என்னும் வாசகம் அமைந்த வில்லை இவருடையது. 1794இல் விசாரணையின்றி ஏழு மாதம் சிறையிலிருந்து மீண்ட இவர், 1795இல் நாணயச் சேகரிப்பாளர்க்கான வழித்துணை நூல் ஒன்றை வெளியிட்டார். அகர வரிசையில் வில்லைகளை விவரிக்கும் அந்நூல், சேகரிப்பாளரை அவர் கடைக்கு அழைத்தது. தம்மிடமிருந்த பல அச்சுக்களை மாற்றி மாற்றி இணைத்து எண்ணற்ற கலப்பு வகைகளை உருவாக்கியவரும் இவரே. வகைகளை நாடிய சேகரிப்பாளர், கொள்கையையும் விலைகொடுத்து வாங்கினர்.

அதே ஆண்டுகளின் மற்றோர் அரசியல் வில்லை மொழியியல் வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது. சொற்பிறப்பியலை ஆராயும் நூலை 1786இல் வெளியிட்ட ஜான் ஹார்ன் டூக், அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1794 நவம்பரில் விடுதலை பெற்றார். அவருடைய உருவம் பொறித்த வில்லையின் மறுபக்கம், சட்டத்துக்கும் உண்மைக்கும் சமநீதிபதிகளாகிய நடுவர் குழுவினர் அவரைக் குற்றமற்றவர் என்றனர் என அறிவித்தது. இதில் வாக்குறுதி இல்லை, விலையும் முதன்மையன்று. வில்லை முழுமையாகத் துண்டறிக்கையாகிவிட்டது. அடிமை முறைக்கு எதிரான இயக்கம், மண்டியிட்ட ஆப்பிரிக்கரின் உருவத்தோடு ‘நான் மனிதனும் சகோதரனும் அல்லனோ’ என வினவும் வாசகத்தைப் பரப்பியதும் இவ்வூடகத்தின் வழியேயாகும்.

7. அட்டவணைகளும் பெயர்களும்

வில்லைகளைப் பட்டியலிட்ட நூல்களின் தலைப்புகளை வரிசைப்படுத்தினால் ஒரு சொல்லின் வரலாறு புலப்படும். பர்மிங்காமின் சார்லஸ் பை 1795இல் வெளியிட்ட நூல் இவற்றை ‘மாகாணச் செப்பு நாணயங்கள் அல்லது வில்லைகள்’ என்றது. ஸ்பென்ஸின் 1795ஆம் ஆண்டு நூலும் ‘நாணயங்கள்’ என்றே கூறியது. இப்ஸ்விச்சில் துணிக்கடை நடத்திய ஜேம்ஸ் காண்டர் 1798இல் ‘மாகாண நாணயங்கள், வில்லைகள், சிறுபதக்கங்கள்’ என மூன்றாகப் பகுத்தார். 1892இல் ஜேம்ஸ் அட்கின்ஸின் நூலில் ‘நாணயம்’ நீங்கி ‘வணிகர் வில்லைகள்’ என்பது மட்டும் நின்றது. 1910 முதல் 1918 வரை ரிச்சர்ட் டால்ட்டனும் சாமுவேல் ஹேமரும் பகுதி பகுதியாக வெளியிட்ட பெரும்பட்டியல் ‘மாகாண வில்லை-நாணயம்’ எனத் தொகைச்சொல் ஆக்கிற்று.

இவை புழங்கிய காலத்தவர் இவற்றை நாணயம் எனத் தயங்காமல் அழைத்தனர். 1797இல் போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலை அரசுக்காக ஓர் அவுன்சுப் பென்னியையும் இரண்டு அவுன்சு இருபென்னியையும் அச்சிட்டது. அதன்பின் வில்லைகளின் தேவை குறைந்தது. 1811, 1812இல் மீண்டும் எழுந்த மற்றொரு வில்லை அலையை 1817ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. நாணயம் என்னும் பெயர் அரசுக்கே உரியது என்னும் கருத்து வலுப்பெற்ற பின்னரே நூல் தலைப்புகளினின்று அது நீங்கியது. அமெரிக்கச் சேகரிப்பாளரிடையே இவை இன்று ‘காண்டர் வில்லைகள்’ எனப்படுகின்றன. வெளியிட்டவர் பெயரும் புழங்கிய ஊரின் பெயரும் மறைந்து, பட்டியலிட்டவரின் பெயர் பொருளுக்குப் பெயராயிற்று.

டால்ட்டன், ஹேமர் பட்டியல் வில்லைகளை மாவட்ட வாரியாக வரிசைப்படுத்துகிறது. சேகரிப்பாளர் இன்றும் மாவட்டப் பெயரும் எண்ணும் கொண்டே ஒரு வில்லையைச் சுட்டுகின்றனர். ஆயின் மாவட்டம் என்பது பெரும்பாலும் வில்லையின் வாசகம் கூறும் மாவட்டமே. ஆங்கில்சியில் அடிக்கப்படாத போலிகளும் ஆங்கில்சித் தலைப்பின்கீழ் நிற்கின்றன. பட்டியலின் நிலப்படம் வாசகத்தின் நிலப்படமேயன்றிப் புழக்கத்தின் நிலப்படம் அன்று. வட்டார வழக்கு அகராதியைப் பயன்படுத்துவோர் இத்தகைய இடரை நன்கு அறிவர்.

சார்லஸ் பை இவ்விடரை உணர்ந்தவர். 1801இல் வெளியான தம் நூலின் விரிந்த பதிப்பில் வெளியிட்டவர், அச்சு வெட்டியவர், தயாரித்தவர் பற்றிய குறிப்புகளைச் சேர்த்து, உண்மையாகப் புழங்கியவற்றைச் சேகரிப்புக்கென அடித்தவற்றினின்று பிரிக்க முயன்றார். பின்வந்த ஆய்வாளர் சார்ந்திருப்பது பெரிதும் இத்தகைய குறிப்புகளையே.

8. தமிழாக்கச் சிக்கல்கள்

‘டோக்கன்’ என்னும் சொல் பேச்சுத்தமிழில் நியாயவிலைக் கடை வரிசையிலும் மருத்துவமனை வரிசையிலும் வழங்குகிறது. அங்கு அது வரிசை எண்ணைக் குறிப்பதால், வரலாற்றுக் கட்டுரையில் அதனைக் கையாளின் பொருள் மயங்கும். ‘அடையாளம்’ என்பது மிகப் பொதுவானது. ‘வில்லை’ என்பதோ வட்டத் தகட்டைக் குறிப்பதோடு, அதிகாரத்தின் அடையாளமாக அணியப்படும் தகட்டையும் குறித்தது; வில்லைச் சேவகன் என்னும் பழைய வழக்கு இதனைக் காட்டும். அஞ்சல் வில்லை என்னும் ஆட்சியில் அது செலுத்தப்பட்ட கட்டணத்தின் சான்றாகவும் வருகிறது. வடிவு, அடையாளம், பண ஈடு ஆகிய மூன்றும் சேர்வதால் ‘வணிக வில்லை’ பொருத்தமாகிறது.

‘கேட்டவுடன் செலுத்தத்தக்கது’ என்னும் கருத்துக்குத் தமிழ் வணிக மரபில் ‘தர்சனி உண்டியல்’ என்னும் வழக்கு உண்டு. காட்டியவுடன் பணம் தரப்பட வேண்டிய உண்டியல் அது. எனினும் உண்டியல் ஒரு குறிப்பிட்டவர்மேல் எழுதப்படுவது. வில்லை கைமாறுவோர் அனைவருக்கும் பொதுவானது. ஆதலின் ஒப்பீட்டுக்கு அச்சொல் உதவுமேயன்றி மொழிபெயர்ப்பாகாது. மேலும் தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவது. ‘செலுத்தத்தக்கது’ என்னும் வடிவை நீக்கி ‘தருவோம்’ என எளிமையாக்கினால், மூலம் திட்டமிட்டு மறைத்த எழுவாயை மொழிபெயர்ப்பு வலிந்து சேர்த்துவிடும். பொறுப்பைத் தவிர்த்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் பொறுப்பை ஏற்றிக் கொடுத்ததாக முடியும். முதல் ஆங்கில்சிப் பென்னிக்கு ‘உறுதி கூறுகிறோம்’ என்பதும், பின்னையவற்றுக்கு ‘செலுத்தத்தக்கது’ என்பதும் தனித்தனியே பேணப்பட வேண்டும். ‘மியூல்’ என்பதற்குக் கோவேறு கழுதை என நேராகத் தருவதைவிடக் ‘கலப்பச்சு வில்லை’ எனல் தெளிவு.

‘நாணயம்’ என்னும் தமிழ்ச் சொல்லும் கருதத்தக்கது. அது காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் ஒரே சொல்லில் தாங்கும் வசதி ஆங்கிலத்தின் ‘காயின்’ என்பதற்கு இல்லை. நல்ல வணிக வில்லை, முதற்பொருளில் நாணயம் அன்று. இரண்டாம் பொருளில் நாணயமானது.

வில்லைகளை அடித்த அதே சோஹோ நாணயச்சாலை சென்னை மாகாணத்துக்கும் செப்பு நாணயம் அடித்தது என்பதால், தமிழுக்கும் இவ்வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அங்கு 1803, 1808ஆம் ஆண்டுகளில் அச்சிடப்பட்ட செப்புக் காசுகளில் மதிப்பு உரோம எண்ணாலும் ‘கேஷ்’ என்னும் சொல்லாலும் குறிக்கப்பட்டது. இச்சொல் தமிழின் ‘காசு’. போர்த்துக்கீசிய மொழியின் வழியே ஆங்கிலத்தை அடைந்தது. ரொக்கம் என்னும் பொருளில் வழங்கும் ‘கேஷ்’ பிரெஞ்சு வழி வந்த வேறு சொல் என்பதை மொழிபெயர்ப்பாளர் மறத்தலாகாது. 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. சென்னைக்கு வராத அக்காசுகள் பெருந்தொகையில் மீட்கப்பட்டு, இன்று சேகரிப்பாளர் கைகளில் உள்ளன.

அக்காசின் பாரசீக வாசகம், இருபது காசு நான்கு ஃபலூஸ் ஆகும் எனக் கூறுகிறது. ஆங்கில்சிப் பென்னியின் வாக்கியம் உறுதிமொழி. சென்னைக் காசின் வாக்கியம் சமன்பாடு. முன்னதில் தருவோர் உண்டு, கொண்டுவருபவர் உண்டு, கேட்கும் இடமும் உண்டு. பின்னதில் இவர்களுள் எவரும் இல்லை. மக்களின் நம்பிக்கையை வேண்டி நின்ற வணிகர் உறுதி கூற வேண்டியிருந்தது. ஆட்சியைக் கைக்கொண்ட கம்பெனிக்கு இன்னது இன்னதற்குச் சமம் என அறிவித்தலே போதியதாயிற்று.

9. முடிவுரை

வணிக வில்லையின் வாசகம் மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதலில் அது கடமையை உண்டாக்கும் சொல்லாக இருந்தது. பின் வகைகளைப் பெருக்கும் அணியாகவும் அரசியல் முழக்கமாகவும் ஆயிற்று. இறுதியில் பட்டியலின் பதிவாக நிலைபெற்றது. ஒரே தொடர், ‘இலண்டனில் செலுத்தத்தக்கது’ என்பது போன்ற சிறு தொடரும்கூட, இம்மூன்று நிலைகளில் எதனைச் சேர்ந்தது என்பதை அறியாமல் மொழிபெயர்க்கப்படுமாயின் வரலாறு திரிந்துவிடும். சேகரிப்பாளரின் அலமாரியில் பழுதின்றிப் பளபளக்கும் வில்லை பெரும்பாலும் வாக்குறுதியாகப் பயன்படாதது. எழுத்துத் தேய்ந்து படிக்க முடியாமற்போன வில்லையோ பலருடைய கூலியாக இருந்து பல கைகளில் வாக்குறுதியைச் சுமந்தது. பட்டியல்கள் முன்னதைச் சிறந்த படி எனத் தரம் பிரிக்கின்றன. மொழி வரலாற்றாய்வாளர் பின்னதையும் உடன் வைத்துப் படித்தல் வேண்டும்.